இரத்தக் கொதிப்பு மாத்திரையும் நம் சங்கங்களும்

நம் திங்களிதழில் நூல் விலை, தள்ளுபடி மான்யம், பயிர்க்கடன், தணிக்கைக் குறைபாடுகள் ஆகியவற்றைக் குறித்து எழுதுவதே நமக்கு வழக்கம். இம்மாதம் மாத்திரையைக் குறித்து எழுதப் புகுகின்றோம். கணக்குப் பேரேட்டைப் புரட்டும் ஆய்வாளருக்கும் மாத்திரைக்கும் யாது தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. ஆவடியை அடுத்து, விமானப்படை நிலையத்தை ஒட்டி அமைந்துள்ள முத்தாபுதுப்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் அங்கத்தினர்களின் பாஸ் புத்தகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பொருட்டு நாம் செல்வதுண்டு. பாஸ் புத்தகத்தை எடுத்து வாருங்கள் என்றால், பல வீடுகளில் சுவராணியில் தொங்கும் பிளாஸ்டிக் பை ஒன்று இறங்கி வருகின்றது. அதனுள் பாஸ் புத்தகம், ரேஷன் அட்டை, மின்கட்டண அட்டை. அவற்றோடு பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள் நான்கைந்து. பாஸ் புத்தகத்தில் வரவு செலவு சரியாக இருக்கின்றது. மாத்திரைகளின் இருப்புதான் சரியாக இல்லை.

இதனைச் சிறிது விளக்குவோம். சென்ற மாதம் 5ஆம் தேதி முப்பது மாத்திரை பெற்றவர், நாளொன்றுக்கு ஒன்று வீதம் உண்டிருந்தால், இம்மாதம் 5ஆம் தேதி அவரிடம் ஒன்றும் மீந்திருத்தல் ஆகாது. பதினான்கு மீந்திருக்குமானால், அவர் மாதத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் மருந்தின்றிக் கழித்திருக்கின்றார் என்பது கணக்கு. வாங்கியதையும் மீந்ததையும் ஒப்பிடுவதற்கு மருத்துவப் படிப்பு வேண்டுவதில்லை. பண்டக சாலையில் இருப்புப் பார்க்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். மீந்த மாத்திரையைச் சிக்கனம் என்று எண்ணி மகிழ்வோரும் நம்மிடையே உளர்.

‘இரத்தக் கொதிப்பு’ என்னும் பெயரே நம் மக்களை வழிதவறச் செய்துவிட்டதென்பது நம் கருத்து. கொதிப்பு என்றவுடன் கோபம், பரபரப்பு, உடற்சூடு ஆகியன நினைவுக்கு வருகின்றன. ‘எனக்குக் கோபமே வருவதில்லையே, எனக்கு ஏது கொதிப்பு?’ என்று கேட்கும் சாந்தமான பெரியவர்களை நாம் கண்டிருக்கின்றோம். உண்மையில் இஃது இரத்தக் குழாய்களின் சுவர்மீது இரத்தம் செலுத்தும் அழுத்தத்தின் அளவேயன்றி வேறன்று. இருதயம் சுருங்கும்போது மேல் எண். தளரும்போது கீழ் எண். அமைதியாக அமர்ந்திருக்கையில், வெவ்வேறு நாட்களில் பார்த்தும், 140க்கு 90 என்ற அளவையோ அதற்கு மேலோ காட்டுமானால், அதனை உயர் அழுத்தம் என்பர். கோபக்காரருக்கு அழுத்தம் சரியாக இருக்கலாம். பொறுமையின் வடிவமானவருக்கு 180 இருக்கலாம். தலைவலியோ மயக்கமோ பெரும்பாலோருக்கு வருவதில்லை. ‘ஒரு வலியும் இல்லையே தம்பி, எதற்கு மாத்திரை?’ என்று ஓர் அம்மையார் நம்மிடம் கேட்டார். வலி இல்லாமையே இந்நோயின் வஞ்சகம். வலி வரும் நாளில் அது மூளையிலோ இருதயத்திலோ சிறுநீரகத்திலோ வந்து நிற்கின்றது.

மருந்து கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று அவருடைய அழுத்தம் 300க்கு 190 என்று மருத்துவர் குறித்தார். உலகப் போரை நடத்திய வல்லரசின் தலைவருக்கே கொடுப்பதற்குத் தக்க மாத்திரை அந்நாளில் இல்லை. நம் நாட்டில் வழிவழியாக வழங்கிய சர்ப்பகந்தி என்னும் மூலிகையின் பயனைப் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949ஆம் ஆண்டில் ஆங்கிலேய மருத்துவ ஏடொன்றில் எடுத்துரைத்தார். 1952ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் அம்மூலிகையிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். பின்னர் அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் பல ஒன்றுசேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. அதன் பெயரிலேயே ‘கூட்டுறவு ஆய்வு’ என்ற சொல் இடம்பெற்றிருப்பது நமக்குத் தனி மகிழ்ச்சி அளிப்பதாகும். அதன் முதல் முடிவு 1967ஆம் ஆண்டில் வெளிவந்தது. கீழ் எண் 115 முதல் 129 வரை இருந்த ஆடவர் 143 பேரில், 73 பேருக்கு மருந்தும் 70 பேருக்கு மருந்தற்ற வெறும் மாத்திரையும் அளிக்கப்பெற்றன. வெறும் மாத்திரை உண்டோரிடையே பெருங்கேடுகள் 27 நேர்ந்தன. மருந்து உண்டோரிடையே 2 மட்டுமே நேர்ந்தன. அம்மருந்துக் கூட்டில் நம் சர்ப்பகந்தியின் சத்தும் ஒன்று.

இவ்வாய்வில் நம் மனத்தைக் கவர்ந்த செய்தி மற்றொன்று உண்டு. ஆய்வில் சேர்க்கும் முன்னரே, வந்தவர்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகின்றார்களா என்பதைச் சோதித்தனர். மாத்திரையில் ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமினைச் சேர்த்து, சிறுநீரில் அதன் ஒளிர்வு தோன்றுகின்றதா என்று பார்த்தனர். மீந்த மாத்திரைகளையும் எண்ணினர். ஒழுங்கு தவறுவோரை விலக்கிய பின்னரே ஆய்வைத் தொடங்கினர். ஆகவே, மாத்திரையைக் கையில் வாங்குவது வேறு, வயிற்றுக்குள் அனுப்புவது வேறு என்பதை அந்நாளிலேயே அறிந்திருந்தனர்.

இன்று மருந்துக்குக் குறைவில்லை. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ஆம் ஆண்டில் தோன்றியது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பெற்று, பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தந்தனர். 2024ஆம் ஆண்டில் இத்திட்டத்துக்கு ஐக்கிய நாடுகள் சபையின் பணிக்குழு விருது வழங்கியது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் ‘முதல்வர் மருந்தகம்’ என்ற பெயரில் குறைந்த விலை மருந்துக் கடைகள் ஆயிரம் திறந்துவைக்கப்பெற்றன. அவற்றில் கூட்டுறவுச் சங்கங்களின் பங்கு பெரிது. இத்தனைக்கும் முன்னர், 2020ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நடந்த தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், உயர் அழுத்தம் உடையோர் நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கே அது கட்டுக்குள் இருந்ததாகக் கண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கையும் உலகெங்கும் ஐவரில் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருப்பதாகக் கூறிற்று. வாசல்வரை மாத்திரை வந்துவிட்ட பிறகு, வாசலுக்கு உள்ளே நடப்பதைக் கவனிப்பதுதான் மீந்துள்ள வேலை. அங்கேதான் நம் சங்கங்களுக்கு இடம் உண்டு என்கின்றோம்.

வாசலுக்கு உள்ளே நாம் கண்டவற்றில் முதலாவது, ஒரே மருந்து இரு பெயர்களில் இருத்தல். தன்னார்வலர் கொடுத்த அட்டையில் ‘அம்லோடிபின்’ என்று இருக்கின்றது. தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கியதில் ‘ஸ்டாம்லோ’ என்றோ ‘அம்லாங்’ என்றோ இருக்கின்றது. இரண்டும் ஒரே சரக்கு, மேலுறையே வேறு. இன்னும் நுட்பமான பொறி ‘டெல்மா ஏ.எம்.’ போன்ற கூட்டு மாத்திரைகளில் உள்ளது. அதில் டெல்மிசார்டன் என்பதோடு அம்லோடிபினும் அடங்கியிருக்கின்றது. அரசு கொடுத்தது ஒன்று, கடையில் வாங்கியது ஒன்று என்று இரண்டையும் விழுங்குபவருக்கு மருந்து இரட்டித்துவிடுகின்றது. எழுந்து நின்றால் கண் இருண்டு, குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிகின்றது. பிறகு, ‘பிரஷர் மாத்திரை சாப்பிட்டதால் வந்த வினை’ என்று தெரு முழுவதும் பேச்சாகி, அத்தெருவில் நால்வர் மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். நூலில் நம்பர் பார்த்து வாங்கத் தெரிந்தவர் நெசவாளர். 60ஆம் நம்பர் நூலை எந்த ஆலையின் முத்திரையில் கட்டிக் கொடுத்தாலும் அது 60ஆம் நம்பரே என்பது அவருக்குத் தெரியும். மாத்திரையிலும் பெரிய எழுத்தில் உள்ள முத்திரைப் பெயரைவிட, சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவுமே முக்கியம்.

அச்சிறிய எழுத்தையும் நம் கடைக்காரர்கள் விட்டுவைப்பதில்லை. ஐந்து மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலால் அட்டையை நறுக்கித் தருகின்றனர். பெயர் ஒரு துண்டில் போகின்றது; காலாவதித் தேதி இன்னொரு துண்டில் போகின்றது. வாங்குபவரிடம் பெயரும் தேதியும் அற்ற வெள்ளை வில்லைகள் ஐந்து எஞ்சுகின்றன. ‘வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை இரவில்’ என்று நிறத்தைக் கொண்டு நினைவில் வைப்போருக்கு, அடுத்த மாதம் வேறு கம்பெனியின் சரக்கு வேறு நிறத்தில் வந்தவுடன் எல்லாம் குழம்பிவிடுகின்றது. நறுக்கிக் கொடுக்கவே நேர்ந்தால், காகித உறையின்மேல் மருந்தின் பெயர், அளவு, தேதி, வேளை ஆகியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். தனியார் கடைகள் செய்தாலும் செய்யாவிட்டாலும், கூட்டுறவு மருந்துக் கடையில் இதனை விதியாகவே வைத்தல் தகும்.

இப்பொழுது நாம் சொல்லப்போவது நெசவாளருக்கும் வேளாண் மக்களுக்குமே சிறப்பாக உரியது. பட்டணத்து மருத்துவக் குறிப்புகளில் இதற்குப் போதிய இடம் கிடைப்பதில்லை. பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் போன்ற திருவள்ளூர் மாவட்டத்து நெசவூர்களாயினும், நடவும் களையெடுப்பும் நடக்கும் வயலூர்களாயினும், நம் மக்களுக்கு ஓயாத துன்பம் உடல் வலியே. குழித்தறியில் கால் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதித்துக் காலை முதல் மாலை வரை குனிந்திருப்பவருக்கு இடுப்பும் முழங்காலும் நோவாமல் என் செய்யும்? நாற்று நடும் பெண்டிருக்கும் அவ்வாறே. வலி மிகும்போது மருந்துக் கடைக்குச் சென்று, ‘உடம்பு வலிக்கு ஒரு செட்டு கொடுங்கள்’ என்கின்றனர். கடைக்காரர் நான்கு நிறங்களில் நான்கு மாத்திரைகளை எண்ணிக் காகிதத்தில் மடித்துத் தருகின்றார். அந்தச் செட்டில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் ஆகியவற்றுள் ஒன்று பெரும்பாலும் இருக்கும். சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்ந்திருக்கும். அன்றைய வலி நீங்கிவிடுகின்றது. மறுநாள் தறி ஓடுகின்றது. ஆயின் உள்ளே நடப்பது வேறு.

இவ்வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை உயர்த்துகின்றன. அழுத்தத்துக்காக உண்ணும் மாத்திரையின் வேலையை இவை ஒருபுறம் கெடுக்கின்றன. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகியவற்றுள் ஒன்றை உண்பவர் இவற்றையும் சேர்த்து உண்டால், சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டம் இருபுறமும் நெருக்குண்கின்றது. அதனோடு சிறுநீரைப் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற மாத்திரையும் சேருமானால், மூன்றும் கூடிச் சிறுநீரகத்தைச் சில நாட்களிலேயே செயலிழக்கச் செய்யக்கூடும். வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடலில் இவ்வபாயம் மிகுதி. ‘பிரஷர் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்’ என்று ஊரில் சொல்லும் பேச்சு எங்கிருந்து வந்தது என்று நாம் நெடுநாள் எண்ணியதுண்டு. கட்டுக்கு அடங்காத அழுத்தமே சிறுநீரகத்தைத் தின்கின்றது. கூடவே உண்ட வலி மாத்திரை அதற்குத் துணை போகின்றது. பழியோ அழுத்த மாத்திரையின் தலையில் விழுகின்றது. வலியைப் பொறுத்துக்கொண்டே வேலை செய்யுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. வலிக்கு மருந்து கேட்கும்போது, ‘நான் அழுத்த மாத்திரை சாப்பிடுகின்றேன்’ என்று சொல்லிக் கேட்க வேண்டும். பாராசிட்டமால் போன்ற மாற்று உண்டு, மேற்பூச்சு உண்டு, ஒத்தடம் உண்டு, தறியின் முன் இருக்கையின் உயரத்தைத் திருத்துவதும் உண்டு. டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத மருந்துகளின் பட்டியலைச் சேர்ந்தது. அதனைச் செட்டு மாத்திரையாக மடித்துக் கொடுக்கும் வழக்கம் ஊரெங்கும் இருக்கலாம். கூட்டுறவுப் பெயர்ப்பலகை தொங்கும் கடையில் இருத்தல் ஆகாது. இவ்விஷயத்தில் நமக்குத் தாட்சண்யம் இல்லை.

சளிக்கென வாங்கும் மாத்திரைகளிலும் மூக்கடைப்பை நீக்கும் ஃபினைலெஃப்ரின் போன்ற சரக்கு உண்டு. அதுவும் அழுத்தத்தை ஏற்றும். வீட்டு வைத்தியத்திலும் எச்சரிக்கை வேண்டும். அதிமதுரத்தை இருமலுக்கு ஓரிரு நாள் சுவைப்பது வேறு. நாள்தோறும் கஷாயமாக உண்பது வேறு. அதிமதுரம் அழுத்தத்தை உயர்த்தி, உடலின் பொட்டாசியத்தைக் குறைக்கும். மூலிகை எனின் தீங்கில்லை என்று எண்ணுவோருக்குச் சர்ப்பகந்தியையே சான்று காட்டலாம். அழுத்தத்தைக் குறைத்த அதே சத்து, சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வையும் தந்தது. சித்த மருந்து உண்போர் அதனை ஆங்கில மருத்துவரிடம் மறைக்கின்றனர். ஆங்கில மருந்தை வைத்தியரிடம் மறைக்கின்றனர். இருவருக்கும் சொல்லிவிடுவதால் எவர் மனமும் புண்படப் போவதில்லை.

பக்க விளைவுகளைப் பற்றியும் ஒளிவின்றிப் பேச வேண்டும். அம்லோடிபின் உண்போரில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். எனலாப்ரில், ராமிப்ரில் உண்போரில் சிலருக்கு வறட்டு இருமல் வந்து மாதக்கணக்கில் நீடிக்கும். இருமலுக்கு எத்தனை டானிக் குடித்தாலும் தீராது. இரண்டுக்கும் மாற்று மருந்து உண்டு. வீக்கம் கண்டவுடன் மருத்துவரிடம் சொல்லாமல் தாமே நிறுத்திவிடுவதே தவறு. அடினோலால், மெட்டோப்ரோலால் வகையைத் திடீரென நிறுத்துவது மிகவும் கெடுதி, இருதயம் படபடத்து அழுத்தம் முன்னினும் ஏறக்கூடும், நெஞ்சுவலியும் வரக்கூடும். அவற்றைப் படிப்படியாகவே குறைக்க வேண்டும், அதுவும் மருத்துவர் சொற்படி. கருவுற்ற பெண்டிரும், கருவுற எண்ணும் பெண்டிரும் எனலாப்ரில் வகையையும் டெல்மிசார்டன் வகையையும் உண்ணலாகாது, குழந்தைக்குக் கேடு. அவர்களுக்கு உரிய வேறு மருந்தை மருத்துவர் மாற்றித் தருவார். இளவயதில் அழுத்தம் வந்த நெசவுப் பெண்கள் இதனை வெட்கத்தால் கேளாதிருத்தல் கூடாது.

மாத்திரையை விட்டுவிடும் நாட்களுக்கு நம் மக்களிடம் ஒரு பஞ்சாங்கமே இருக்கின்றது. அமாவாசை, கிருத்திகை விரதம் என்றால் அன்று மாத்திரையும் விரதம். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்றால் அன்றும் இல்லை. வெளியூர்க் கல்யாணம் என்றால் பை வீட்டிலேயே தங்கிவிடும். எல்லாவற்றினும் விந்தை, மருத்துவரிடம் செல்லும் நாளிலேயே மாத்திரையை விட்டுவிட்டுச் செல்வது. ‘மாத்திரை போடாமல் எவ்வளவு இருக்கின்றது என்று டாக்டர் பார்க்கட்டும்’ என்பது அதன் நியாயம். மருத்துவரோ மாத்திரை உண்டும் இவ்வளவு இருக்கின்றதே என்று எண்ணி, அளவை உயர்த்திவிடுகின்றார். மறுநாள் முதல் உயர்த்திய அளவை ஒழுங்காக உண்டால் தலை சுற்றுகின்றது. பொதுவாக, விரத நாளிலும் பரிசோதனை நாளிலும் அழுத்த மாத்திரையை ஒரு மிடறு தண்ணீருடன் உண்ணலாம். ஐயம் இருப்பின் முன்னரே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம். ஒருவேளை மறந்துபோனால், அன்றே நினைவு வரும்போது உண்ணலாம். மறுவேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். இரண்டாகச் சேர்த்து உண்ணவே கூடாது. தவணை தவறினால் அடுத்த தவணையோடு சேர்த்துக் கட்டும் வழக்கம் கடனுக்கு மட்டுமே பொருந்தும்.

அழுத்தத்தைப் பார்ப்பதிலும் முறை உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி, ஓட்டமும் நடையுமாக வந்து, டீயைக் குடித்தவுடன் கையை நீட்டினால் எண் ஏறித்தான் நிற்கும். அரைமணி நேரம் முன்பு காப்பி, டீ, பீடி தவிர்த்து, சிறுநீர் கழித்து, முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, கையை மார்பளவுக்குத் தாங்கி வைத்துப் பார்க்க வேண்டும். சட்டைக் கையின் மேல் பட்டையைச் சுற்றுவது சரியன்று. ஒருமுறை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டுவதும் சரியன்று.

உழவருக்குக் கோடையில் தனி எச்சரிக்கை தேவை. சித்திரை வெயிலில் வரப்பில் நிற்பவர் சிறுநீர் பிரிக்கும் மாத்திரையை உண்பவராயின், உடல் நீரும் உப்பும் விரைவில் வற்றும். வயிற்றுப்போக்கு, வாந்தி கண்ட நாட்களில் இம்மாத்திரையை அப்படியே தொடர்வதா, ஓரிரு நாள் நிறுத்துவதா என்பதை உடனே கேட்டறிய வேண்டும். கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வதை இதற்கு மருந்தென எண்ணலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டியளவே உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் எல்லாம் அதில் அடக்கம். இந்துப்பு என்பதும் பெரும்பாலும் அதே சோடியம் உப்புதான். பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைக் கடையில் கண்டு வாங்குவோர், டெல்மிசார்டன் வகை உண்பவராகவோ சிறுநீரகக் குறை உடையவராகவோ இருந்தால், மருத்துவரைக் கேளாமல் தொடலாகாது.

முகம் ஒருபக்கம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியன கண்டால் அழுத்த மாத்திரையை வாயில் திணித்துக்கொண்டு நேரம் போக்கலாகாது. விழுங்கவும் இயலாத நிலையில் அது மூச்சுக்குழலில் சிக்கும். 108க்குச் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். மூளையின் அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரமே கெடு.

இனி, சங்கம் என்ன செய்யலாம் என்னும் பகுதிக்கு வருவோம். நூல் கொடுத்துத் துணி வாங்குவதும், கடன் கொடுத்து வசூலிப்பதுமே சங்கத்தின் வேலை. மருத்துவம் நமக்கெதற்கு என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் நம்மிடம் வெளிப்படையாகவே கேட்டார். அவர் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊரின் எல்லாக் காரியங்களையும் சங்கத்தின் தலையில் ஏற்றிச் சங்கத்தையே முடக்கிய கதைகள் நமக்குத் தெரியும். ஆயினும் தறியில் அமர்ந்திருந்தவர் பக்கவாதத்தில் விழுந்த வீட்டின் கடன் கணக்கை அவரும் பார்த்திருப்பார். அவ்வீட்டில் தறி நிற்கின்றது; பாவு பாதியில் தூசு படிகின்றது; மனைவி அவருக்குப் பணிவிடை செய்வதால் தார் சுற்றும் கூலியும் நிற்கின்றது. நிலுவைப் பட்டியலில் பெயர் ஏறுகின்றது. அந்நிலுவைக்கு வழக்குத் தொடுத்து நாம் எதனை மீட்கப் போகின்றோம்? அனைத்துலகக் கூட்டுறவு இயக்கம் 1995ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் கூடி வகுத்த ஏழு நெறிகளில் ஏழாவது, சமுதாயத்தின்மீது அக்கறை கொள்வதாகும். நம் திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904ஆம் ஆண்டில் தோன்றிய கூட்டுறவுக் கடன் சங்கமே நாட்டின் முதற் சங்கங்களுள் முன்னிற்பது என்ற பெருமை நமக்கு உண்டு. கடன் கொடுத்தவர்கள், கடன் வாங்கியவன் நலத்தையும் பேணியதால்தான் அவ்வியக்கம் வேரூன்றியது.

செய்ய வேண்டியது பெரிதன்று. சங்க அலுவலகத்தில் கையிற் கட்டிப் பார்க்கும் அழுத்தமானி ஒன்று. நல்லதாகவே வாங்கினாலும் இரண்டாயிரம் ரூபாய் அளவில் முடியும். சங்கத்தின் உபவிதிகள் இடம் தருமாயின் பொது நல நிதியிலிருந்து வாங்கலாம். இல்லையேல் அங்கத்தினர் நன்கொடையில் வாங்கலாம். கூலி பட்டுவாடா நாளில், வந்தவர் ஐந்து நிமிடம் பெஞ்சில் அமர்ந்து பார்த்துக்கொள்ளட்டும். பார்த்த எண்ணை அவர் கையில் ஒரு சிறு சீட்டில் குறித்துக் கொடுத்தால் போதும். நிலுவைப் பட்டியலை ஒட்டுவது போல அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கான செய்தி அன்று அது. ஒருவருடைய நோய் அவருக்கே உரியது. சங்கத்தார் எவரும் மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லுதல் ஆகாது. எண் உயர்ந்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவதோடு நம் பணி முடிந்தது. தன்னார்வலர் ஊருக்கு வரும் நாளைச் சங்கத்தில் முன்கூட்டி அறிவித்து, அங்கத்தினர் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் கொண்டுவந்து அவரிடம் காட்டச் செய்யலாம். பெயர்கள் ஒன்றா வேறா என்பதும், எத்தனை மீந்துள்ளன என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். காலாவதியானவற்றை அன்றே ஒதுக்கிவிடலாம்.

கூட்டுறவு மருந்துக் கடை நடத்தும் சங்கங்களுக்கு மேலும் இரண்டு வேண்டுகோள். செட்டு மாத்திரை விற்பனையை நிறுத்துங்கள். விற்பனை குறைந்தால் குறையட்டும், ஆண்டறிக்கையில் அதற்கான காரணத்தை எழுதிக் கொள்ளலாம். அழுத்த மாத்திரை வாங்க வருபவருக்கு, அவர் சென்ற மாதம் வாங்கிய அதே மருந்து இருப்பில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ‘ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாருங்கள்’ என்ற சொல்லால் நின்றுபோன மாத்திரைகள் நம் கண்ணுக்குத் தெரிந்தே பல.

பொதுப்பேரவைக் கூட்ட அறிவிப்பை அனுப்பவிருக்கும் காரியதரிசிகள், அழுத்தமானி வாங்குவது குறித்த தீர்மானத்தை முதலில் நிர்வாகக் குழுவின் முன் வைத்து, நிதி எந்தத் தலைப்பில் என்பதையும், பட்டுவாடா நாளில் கருவியைக் கையாளும் பொறுப்பு எவருடையது என்பதையும் பெயர் குறித்துப் பதிவு செய்தல் வேண்டும். கருவிக்குக் கைப்பட்டை இரண்டு அளவுகளில் வாங்குவது நலம். தடித்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் எண் தவறாக ஏறிக் காட்டும்.